சுவரோர இலை

பதினோரு வருடங்களாகச் செங்கமலம் மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வாழை இலை போடுகிறாள். கணவர் அம்பலவாணனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, சுவரோரமாகச் சாமிக்கு ஒன்று. “கூச்சப்படாம சாப்பிடுங்க” என்று சொல்லித்தான் சாமிக்குப் பரிமாறுவாள். சாமி தொட்டதே இல்லை. அந்தச் சோற்றைக் கடைசியில் அவளே சாப்பிடுவாள்.

இன்று ரசம் எடுத்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோர இலை மடித்துக் கிடந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. குழம்பின் ஈரத்தில் விரல்கள் வழித்த தடம் இருந்தது.

“வந்துட்டாருங்க” என்றாள். அழுகை வந்துவிட்டது.

தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்பலவாணன் நிமிர்ந்து பார்த்தார். “எந்தப் பக்கமா மடிச்சிருக்குன்னு பாரு.”

சாப்பிட்டவர் தன் பக்கமாக மடிக்கவில்லை. சாவு வீட்டில் சாப்பிட்டு எழுபவரைப்போல எதிர்ப்பக்கமாக மடித்திருந்தார்.

“பார்த்தேன்” என்றாள். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் இலையை எடுப்பதுபோல அதைப் பதவிசாக எடுத்தாள். “வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கார். நாளைக்கு ரெண்டு இலை அறுத்தாப் போதுங்க.”

எந்த இரண்டு பேருக்கு என்று அவரால் கேட்க முடியவில்லை.