பலகை ஏறாத கழுத்து

"சிரிக்கிறீங்களா டீச்சர்? வேலை போகப் போகுது, சிரிக்கிறீங்க!"

தலைமையாசிரியை ஆய்கண்டே மேடம் மேசையைத் தட்டினார். எதிரே நின்ற மொடெஸ்டா டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வேறு.

வெளியே வராந்தாவில் இரண்டாம் வகுப்பு ஒம்பேனி நின்றிருந்தான். அவன் கழுத்தில் கயிறு கட்டிய மரப்பலகை. 'நான் சுவாஹிலி பேசினேன்' என்று அதில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில்தான்.

மோஷி ஊரில் இப்போது தெருவுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி. வகுப்பில் ஊர்மொழியான சுவாஹிலி காதில் விழுந்தால் போதும், பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவார்கள். மேடத்துக்கு அந்தப் பயம் தூக்கத்திலும் உண்டு.

"போன வாரம்தானே காலைக் கூட்டத்துல அவனை மேடை ஏத்தினேன்? 'இந்தப் பலகை ஒரு தரம்கூட ஏறாத கழுத்து'ன்னு எல்லாரையும் கை தட்ட வச்சேன். அந்தப் பிள்ளையைப் போய்க் கெடுத்துட்டீங்களே!"

"அதுக்கு முன்னாடியே அவனைப் பத்தி உங்ககிட்ட சொல்ல வந்தேன் மேடம். நீங்கதான், மீட்டிங்ல பேசிக்கலாம்னு..."

"பேச்சை மாத்தாதீங்க. நீங்க மண்டி போட்டு சுவாஹிலியில கொஞ்சினீங்களாம், அவனும் பேசினானாம். ஜன்னல் பக்கம் நின்ன லீடர் பொண்ணு வந்து சொல்லிட்டா. உண்டா, இல்லையா?"

"பேசினான் மேடம்." மறுபடி அதே சிரிப்பு. "அவன் என்ன சொன்னான் தெரியுமா..."

"என்ன சொன்னான்ங்கிறது எனக்கு வேண்டாம். எந்த மொழியில சொன்னான்? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"சுவாஹிலியில."

"அப்போ நீங்க கிளம்பலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த டீச்சர் கெட்டது இன்னொருவர் வாயால். மழையில் குடையை விரித்து, பையை மார்போடு அணைத்து, வாசலில் நின்ற டலாடலா மினிபஸ்ஸில் ஏறினார்.

ஒம்பேனி ஓடிப்போய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. வண்டி திரும்பி மறைந்த பிறகும் அங்கேயே நின்றான்.

பள்ளி விடும் நேரத்தில் அவனுடைய அப்பா மசாவே நேராக அலுவலகத்துக்குள் வந்தார். லாரி ஓட்டுபவர். ஒரு கையில் மகன், இன்னொரு கையில் அந்தப் பலகை.

போச்சு, இந்தப் பிள்ளையும் போகிறான் என்று நினைத்தபடி மேடம் எழுந்தார்.

"மேடம், இது இவனுக்கு மாட்டினதுதானா? வேற பிள்ளையோடதை விளையாட்டுக்கு மாட்டிக்கலையே?"

"கோபப்படாதீங்க சார். இவன் பேசினது நிஜம்தான். ஆனா தப்பு எங்க டீச்சரோடது, உடனே வேலையை விட்டு அனுப்பிட்டேன். இனிமே உங்க பையன் வாயில ஒரு சுவாஹிலி வார்த்தை வராது. நான் பொறுப்பு."

மசாவே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பலகையை மடியில் வைத்துத் தடவினார்.

"இவங்க அம்மாவைப் புதைச்ச அன்னைக்கு மூடின வாய் மேடம். வீட்டுல, வெளியில, எந்த பாஷையிலயும் ஒரு சொல்லு கிடையாது. அந்த டீச்சரம்மாகிட்ட மட்டும்தான் விஷயத்தைச் சொல்லி வச்சிருந்தேன்."

மேடம் பையனைப் பார்த்தார். "ஒம்பேனி..." என்றார் மெதுவாக, சுவாஹிலியிலேயே. "டீச்சர்கிட்ட என்னப்பா சொன்னே?"

அவன் ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் இறுக மூடியிருந்தன.

மசாவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணில் நீரோடு சிரித்தார். காலையில் இதே அறையில், இன்னொரு முகத்தில் பார்த்த சிரிப்பு.

"நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். எம்புள்ள என்ன சொன்னான்?"