சைவ வீட்டு மீன்கள்

“சண்முகசுந்தரி, இங்க வா! இன்னொண்ணும் போயிட்டு!”

ஆபீஸ் விட்டு வந்த சங்கரநயினார் சட்டையைக்கூடக் கழற்றாமல் போட்ட சத்தத்தில், மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கண்ணாடித் தொட்டியின் மேலே கறுப்பு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

அடுத்த நிமிஷமே பின்கட்டில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. யாரோ தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் சத்தம்.

“கேட்டியா? அக்கா முழுகுதா. ஒவ்வொரு மீன் சாகும்போதும் இதே கூத்து. சைவ உடம்புல மீன் வாடை பட்டுட்டாம்!”

“மெதுவாப் பேசுங்க. மதினி காதுல விழப்போகுது.”

“விழட்டும்.”

சங்கரநயினார் தாலுகா ஆபீஸ் கிளார்க். கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் பிள்ளை இல்லை. மதுரைக்குப் போனபோது ஒரு கடை வாசலில் இந்த மீன்களைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மடியில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்.

தொட்டிக்குள் பல்பு எரிந்தால் சுவரெல்லாம் பச்சை வெளிச்சம் அலையும். வெளியே ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். உள்ளே சத்தமே இல்லாமல் வால்கள் அசையும். புருஷனும் பெண்டாட்டியும் அதன் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு தானாக நின்றுபோகும். தாங்களும் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி ஒரு மயக்கம். அப்படி ஒரு மயக்கத்தில்தான் “நம்ம பிள்ளைக” என்று அவர் வாயில் வந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. அன்றிலிருந்து வீட்டில் அதுதான் பேர்.

அக்கா நெல்லையம்மாளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள். “சைவ வீட்டுல மீனாலே? தெருவுல தலைகாட்ட முடியுமா?” என்றாள். தெருவும் சும்மா இருக்கவில்லை. “அண்ணாச்சி, குழம்பு எப்ப?” என்று கேட்டுச் சிரித்தது. அக்கா அந்த அறை வாசற்படியைத் தாண்டியதே கிடையாது.

ஊர்க் கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகுதான் இந்தச் சாவு. நயினார் இரையைக் குறைத்துப் பார்த்தார். குமிழி விடும் மோட்டாரைக் கழற்றித் துடைத்தார். கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவினார். தினமும் காலையில் தண்ணீரை மாற்றினார். அதுவும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இல்லை, அது உப்பு. பிள்ளைகளாயிற்றே என்று குழாயில் வருகிற நல்ல தண்ணீர்! அப்படியும் ஒவ்வொன்றாகப் போய், நீள வால் வைத்த ஒரு பொன்மீன்தான் மிச்சம்.

செத்ததை எடுக்கக் கையை விட்டவர் திடுக்கிட்டார். அடியில் மண். காலையில்தானே கழுவினோம்?

“அக்கா! தொட்டியில மண்ணைப் போட்டது யாரு?”

அக்கா ஈரத்தலையோடு வாசற்படியில் வந்து நின்றாள். இருமினாள்.

“நாந்தான்.”

“நீயா? நான் ஆபீசுக்குப் போற நேரம் பாத்து உள்ள வந்து இந்த வேலை பாத்தியா? எம் பிள்ளைகளைக் கொன்னுட்டியே, பாவி!”

அவள் மிதக்கிற மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலையில சிவகிரி பஸ்ஸுல ஏறு. உன் கொழுந்தன் வீட்டுல போயி சைவமா இரு!”

விடிந்தபோது அக்காவின் துணிப்பை நடையில் தயாராக இருந்தது.

காபியை வாயில் வைத்த நயினார் முகத்தைச் சுளித்தார். “என்னட்டி, மருந்து வாடை அடிக்கு?”

“தபசுக்கு ஊர்ப்பட்ட கூட்டம் வருதுல்லா? நோய் நொடி வந்துரப்படாதுன்னு குழாய்த் தண்ணியில பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாப் போடுதாவ. கொடி ஏறினதுலேர்ந்து இப்படித்தான். நீங்க மீன் கவலையில ருசியே தெரியாமக் குடிச்சீய.”

டம்ளர் அப்படியே நின்றது.

அந்தத் தண்ணீரைத்தான் குடம் குடமாகக் கொட்டியிருக்கிறார். மீன் சாகச் சாக, சுத்தம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டியிருக்கிறார்.

எழுந்து ஓடினார். எவர்சில்வர் அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, சரிந்து கிடந்த பொன்மீனை அதில் விட்டார். வெகுநேரம் அசைவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தது. வால் விரிந்தது. தூக்கத்தில் நடப்பது போல அண்டாவை ஒரு சுற்று சுற்றி வந்தது. நயினாருக்கு அழுகை வந்துவிட்டது.

நடைக்கு வந்தார். அக்கா பையின் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கொன்னது நாந்தான். எல்லாம் அந்தக் குழாய்த் தண்ணி பண்ணின வேலை. ஆனா, நீ எதுக்கு மண்ணைப் போட்டெ?”

“அது கோயில் புத்துமண்ணுலே. மனுசங்க நோயெல்லாம் அதுல தீருதுல்லா? வாயில்லாச் சீவனுக்கும் தீரட்டும்னு கோமதியம்மனை வேண்டிக்கிட்டு ஒரு சிட்டிகை போட்டேன்.”

அவர் துணிப்பையை எடுத்து உள்ளே வைத்தார். இருந்தாலும் ஒன்று உறுத்தியது.

“பின்ன, அதுக செத்த சேதி காதுல விழுந்ததும் அருவருப்புப்பட்டு முழுகினியே? செத்ததை நீ தொடக்கூட இல்லையேக்கா?”

அக்கா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“அருவருப்பா? நீதானலே உம் பிள்ளைகன்னு சொன்னெ? தம்பி பிள்ளை செத்த சேதி கேட்டா, அத்தைக்காரி முழுகாண்டாமா?”