மணமில்லாத வாயு

இரும்பை உருக்கும் உலையிலிருந்து வரும் வாயுவை முன்பெல்லாம் வானத்தில் வீணாக எரித்துவிடுவார்கள். இப்போது அதைக் குழாயில் கொண்டுவந்து, கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மணமும் நிறமும் இல்லாத விஷம் அது. கசிந்தால் அலாரத்துக்கு மட்டும்தான் தெரியும். ஆலையின் மின்நிலையத்தில் அந்த அலாரங்களைக் கவனிப்பது இளவழகனின் வேலை.

மேலதிகாரிகள் சுற்றிப் பார்க்க வந்த காலையில் ஓர் அலாரம் அலறியது. அதற்கு முன் இரண்டு முறை பொய்யாக அலறிய கருவி. வந்தவர்கள் முன்னால் மானம் போகுமே என்று இளவழகன் அதை நிறுத்திவிட்டான். கால் மணி நேரத்தில், குழாயடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த பச்சையப்பன் சுருண்டு விழுந்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடி, அவனைத் தோளில் தூக்கி வந்ததும் இளவழகன்தான். நிர்வாகம் சால்வை போர்த்தியது. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உடம்பு தேறிய பச்சையப்பன் மனைவி மலர்க்கொடியோடும் கைக்குழந்தையோடும் வீடு தேடி வந்தான். அவள் குழந்தையை இளவழகனின் மடியில் கிடத்தினாள்.

“இவனுக்கு உங்க பேரத்தான் வைக்கப்போறோம்ண்ணா.”

இளவழகனால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வேணாம்மா. அன்னிக்கு அலாரம் அடிச்சுது. நான்தான் நிறுத்துனேன்.”

மலர்க்கொடி புரியாமல் சிரித்தபடி கணவனைப் பார்த்தாள். பச்சையப்பன் எழுந்து வந்து, குழந்தையின் தலைக்கடியில் கையைக் கொடுத்து, தூக்கம் கலையாமல் மெதுவாக எடுத்துக்கொண்டான்.