தேர் போகும் தெருவில் வெயில்

“சுவாமி இடப்பக்கமாச் சுத்துறதோ? என்ன பிள்ளை கதைக்கிறியள்?”

ஞானேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோயில் நிர்வாக சபையின் செயலாளர் அவர். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல் கோயில் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேர்த்திருவிழா.

“நான் சொல்லேல்லை அண்ணை, கணக்குச் சொல்லுது.” சிவரூபினி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “இடமாப் போனால் முழுக்க நிழல். கம்ப்யூட்டருக்கு வலம் தெரியாதுதானே.”

இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. சிரிக்கத் தெம்பில்லை.

திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு வானிலைத் தரவுகளை ஆராய்ந்து, எப்போது நடத்தலாம், எப்போது நிறுத்தலாம் என்று சொல்வதுதான் அவள் வேலை. ஓட்டப்போட்டி, இசைவிழா என்று எத்தனையோ பார்த்தவள். தேர் இதுவே முதல் தடவை.

“ஞாயிறு முப்பத்துநாலு டிகிரி. அது காத்துக்கு. போன கோடைகளிலை இப்பிடியான நாள் மத்தியானம் தார் றோட்டு ஐம்பதைத் தாண்டியிருக்கு. நீங்கள் பதினொண்டரைக்குத் தேர் இழுக்கிறியள்.”

“சனம் சொக்ஸ் போடட்டும். சின்னனுகளைத் தூக்கட்டும்.”

“பிரதட்டை செய்யிறவை?”

தேருக்குப் பின்னால் வெறும் மேலோடு தெருவில் உருண்டு வருகிற நேர்த்தி அது.

“இந்தமுறை ஒரே ஆள்தான் பேர் குடுத்திருக்கு. கிங்ஸ்பரியிலை இருக்கிற றஜீவன். நானும் சொல்லிப் பாத்திட்டன். எவ்வளவு சுட்டாலும் உருளுவன் எண்டு நிக்கிறார்.”

“அப்பிடித்தான் சொல்லுவார்.” அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “முதுகுத் தோல் கழண்டுபோகும் அண்ணை. ஆஸ்பத்திரியிலைதான் முடியும்.”

“ஒரு ஆளுக்காக நேரத்தை மாத்தினால் சனம் என்னைக் கிழிச்சுத் தொங்கவிடும். சமையல், மேளம், பொலிஸ், எல்லாருக்கும் திரும்பச் சொல்லவேணும். எனக்கு ஏலாது பிள்ளை.”

“றோட்டை எப்ப மூடுறது?”

“கவுன்சில் எட்டு மணிக்கே மூடித் தரும். கடைக்காரர் கொட்டில் போடவேணும்.”

“அப்ப எட்டரைக்கு வெளிக்கிடுங்கோ. அந்த நேரம் றோட்டு முப்பதுக்குக் கீழை. வலமாவே சுத்துங்கோ, நிழலும் தேவையில்லை. வெயில் ஏற முதல் தேர் இருப்பிடத்துக்கு வந்திடும்.”

ஞானேஸ்வரன் கொட்டாவி விட்டார். அவள் கண்களுக்குக் கீழே கறுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“நாங்கள் கேக்காமலே லீவு போட்டு, மோர்டனிலை இருந்து ரெயின் மாறி மாறி வந்திருக்கிறியள். இல்லை எண்டு சொல்லவும் மனம் வருகுதில்லை.”

அவர் குருக்களுக்குப் போன் எடுத்தார். மறுமுனை நீளமாகப் பேசியது. “ஓம் ஐயா... விளங்குது ஐயா... எட்டரை...” சிவரூபினி விரல்களை இறுக்கிப் பின்னியபடி இருந்தாள்.

“நேரம் நல்லதாம்,” என்று போனை வைத்தார் அவர். “விடியமுதல் எழும்பிப் பூசை தொடங்கவேணும் எண்டு புறுபுறுக்கிறார். ஆனால் ஓமாம்.”

அவள் மூச்சு மெல்ல வெளியே வந்தது. மடிக்கணினியை மூடினாள்.

“பெரிய உதவி அண்ணை.”

“எனக்கென்னத்துக்கு? அந்த றஜீவன்தான் உங்களைக் கும்பிடவேணும். பாவம், விட்டிட்டுப் போன மனுசி திரும்பி வரவேணும் எண்டுதான் உருளுறாராம். எந்தக் கல்நெஞ்சக்காரியோ.” அவர் மறுபடி போனை எடுத்தார். “முதல்லை அவருக்குத்தான் சொல்லவேணும்.”

“வையுங்கோ அண்ணை, நான் சொல்லுறன்,” என்று எழுந்தாள் சிவரூபினி. “வீட்டை விட்டு வந்த பிறகு அவரோடை கதைக்கேல்லை. ஆனால் நம்பர் மாத்தியிருக்கமாட்டார்.”