கிருமியைக் கொண்டுவந்தது யார்?

"எங்க எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ. உனக்கு மட்டும் எப்படிம்மா வரல?"

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார் ஸ்ரீரங்கன். கூடுவாஞ்சேரியில் இட்லி மாவு கம்பெனி நடத்துகிறவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையாக நின்ற ஊழியர்களில் ஜீவிதாவின் கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதுதான் அவள் செய்த குற்றம்.

"வரலன்னா நல்லதுதானே சார்?"

"போன மாசம் மெட்ராஸ் ஐன்னு லீவு போட்டவ நீதானே? உனக்கு வந்து போயிடுச்சு. மிச்சத்த எங்களுக்குக் குடுத்துட்ட."

"கர்த்தர் மேல சத்தியமா, அது எப்பவோ சரியாப் போச்சு சார்!"

"நைட்டெல்லாம் தூக்கமே இல்லடி. கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாரி கீது" என்றாள் கன்னியம்மா, தோழி என்றும் பாராமல்.

ஸ்ரீரங்கனுக்கு ஆறவேயில்லை. மாவு டப்பாக்களில் பொட்டுக் கிருமி இருக்கக் கூடாது என்று, நீல வெளிச்சத்தாலேயே கிருமியைக் கொல்லும் யுவி மெஷினை ஆசை ஆசையாக வாங்கிவைத்திருந்தார். நேற்று, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. சந்தனம், குங்குமம் வைத்து, எல்லாரையும் எதிரே நிறுத்திப் பூஜை போட்டார். விடிந்தால் கம்பெனி முழுக்கச் சிவந்த கண்!

"கிருமியை ஒழிக்க மெஷின் வாங்கின இடத்துக்கே கிருமியைக் கொண்டாந்துட்டியே! திங்கட்கிழமையிலேருந்து வராதே."

ஜீவிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அழுதால் கண் சிவக்கும், அதற்கும் ஏதாவது சொல்வார் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்போது, மெஷினைச் சரிபார்க்க வந்திருந்த இன்ஜினியர் ஷ்யாம்சுந்தர் உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

"சார், மெஷின் கதவு சுவிட்ச்சுல டேப் ஒட்டினது யாரு? கதவைத் திறந்தா லைட் தானா அணையணும்."

"நான்தான் ஒட்டினேன். பூஜைக்குக் கதவைத் திறந்தா விளக்கு அணைஞ்சிடுச்சு. அபசகுனம் இல்லையா?"

"அப்போ எல்லாரும் அந்த லைட்டையே பார்த்துட்டு நின்னீங்களா?"

"கண் கொட்டாம! மந்திரம் முழுசும் சொல்லி, கற்பூரம் காட்டி முடியற வரைக்கும்."

ஷ்யாம்சுந்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது மெட்ராஸ் ஐயே இல்ல சார். கிருமியைக் கொல்ற வெளிச்சம் உங்க கண்ணைச் சுட்டிருக்கு. எல்லாரும் உடனே கண் டாக்டர்கிட்ட போங்க."

பிறகு ஜீவிதாவைப் பார்த்தார். "நீங்க பூஜைக்கு வரலையாம்மா?"

"முன்னாடிதான் நின்னுகினு இருந்தேன் சார்" என்றாள் ஜீவிதா. "முதலாளி மந்திரம் சொல்லி, கற்பூரம் காட்டி முடிக்கிற வரிக்கும் நான் கண்ண மூடிகினு ஜெபம் பண்ணேன்... புது மெஷினால யாருக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு."