அடங்காத பவளம்

"கொஞ்சம்கூட மிச்சம் வைக்காதீங்க தம்பி. வேரோட போகணும்" என்றாள் சந்திரிகா.

"வேரே கெடையாதுக்கா இதுக்கு. நகக்கண்ணு அளவு ஒட்டிகினு இருந்தா போதும், மறுபடி பரவிடும்." வண்ண மீன் கடை எலியேசர் கடல்நீர்த் தொட்டியிலிருந்து பாறையை எடுத்து வெளியே வைத்துச் சுரண்டினான்.

ஜீனியா என்று அந்தப் பவளத்துக்குப் பெயர். குட்டிக் கைகளை விரித்து மூடிக்கொண்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கிற மற்ற பவளங்களையெல்லாம் மூடிக் கொன்றுவிடும், படுபாவி! சந்திரிகாவும் கணவர் தயாளனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். உப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் வெடித்ததுதான் மிச்சம்.

"சார் இல்லியாக்கா?"

"வெளியே போயிருக்கார். அவருக்குத் தெரியாமத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து அசந்துபோகட்டும்."

மகள் தீபா, கிறிஸ்டியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு பொழிச்சலூரில் இருக்கிறாள். செம்பாக்கத்திலிருந்து என்ன பெரிய தூரம்! தயாளன் ஒரு தடவைகூட அந்த வாசலை மிதித்ததில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் மனுஷர் இறங்கி வந்தார்.

"போய் நாலு நாள் இருந்துட்டு வரலாம் சந்திரா. முதல்ல இந்தச் சனியன் ஒழியட்டும். நாலு நாள் கவனிக்காம விட்டா தொட்டியே போயிடும்" என்றார்.

அதுவே அவளுக்குப் பெரிய வரமாக இருந்தது. ஆனால் சுரண்டச் சுரண்ட அது முளைத்துக்கொண்டே இருந்தது. நாளைக்குப் பேத்திக்கு முதல் பிறந்தநாள்.

எலியேசர் பாறையைத் தேய்த்துக் கழுவி, சந்து பொந்துகளில் சுண்ணாம்புப் பசையை அப்பினான். "முடிஞ்சுதுக்கா. இனிமே தலையெடுக்காது."

சந்திரிகா போனை எடுத்தாள்.

"தீபா, நாளைக்கு அப்பா வர்றார்டி! நிஜமாத்தான்டி. எல்லாரையும் வரச் சொல்லு. அப்பாவுக்கு மட்டும் காரம் கம்மியா பண்ணு."

மறுமுனையில் மகள் அழுதாள். சந்திரிகாவுக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த ஒரு நாளுக்காக எத்தனை சாமியை வேண்டியிருப்பாள்!

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்த தயாளன், வெள்ளையாகக் கிடந்த பாறையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பார்த்தீங்களா? சுத்தமா ஒழிஞ்சுது!" சந்திரிகா சின்னப் பெண்ணாகக் கை கொட்டினாள். "காலையிலேயே கிளம்பிடலாம்."

எலியேசர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். தயாளனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"சார், உங்க வூடா இது? இன்னா சார், 'ஜீனியா நம்ம வீட்ல வளரவே மாட்டேங்குது'ன்னு மாசாமாசம் நம்ம கடையில வந்து இதைத்தானே வாங்கினு போறீங்க?"