இரண்டு எட்டு
சலூன் பின்னறை மேசையில் மதிய வெயில் அழுக்காகக் கிடக்கிறது. தையல்காரர் கையில் இரண்டு எட்டு. இந்தச் சீட்டாட்டத்தில் பந்தயம் எப்போதும் ஒரே அளவுதான். ஏற்றி மிரட்டி யாரையும் விரட்ட முடியாது. அதனால் அத்தனை பேரும் ஈயாய் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் எல்லாருக்கும் பொதுச்சீட்டாக ராஜா விழுந்ததுமே அவர் மச்சினன் எச்சில் விரலால் தன் சீட்டைத் தடவிச் சிரிக்கிறான். அவனிடம் இன்னொரு ராஜா இருப்பதும், ராஜா ஜோடி எட்டு ஜோடியை அடிக்கும் என்பதும் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். “ஒரு வில்லைதானே” என்று முனகியபடி தையல்காரர் பந்தய வில்லையைத் தள்ளுகிறார். அடுத்த சுற்றிலும் தள்ளுகிறார். கடைசியில் தையல்காரர் எட்டுகளைக் காட்ட, மச்சினன் ராஜாவைப் புரட்டிப் போடுகிறான். “இந்த எட்டை நம்பியா மாமா இவ்வளவு தூரம் வந்தீங்க?” வில்லையின் பிசுபிசுப்பைச் சட்டையில் துடைக்கிறார், வாயெல்லாம் கசக்கிறது. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வருகிறது. இரண்டு ஏழு. “த்தூ” என்கிறார். துடைத்த விரலே வில்லையை முன்னால் நகர்த்துகிறது.